முதல் ரைஃபிளை வாங்குவதா, பாகம் சேர்த்து நாமே பூட்டுவதா?

வாசகர் கேள்விகள், ஓர் ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு துப்பாக்கி பற்றியவை. பட்டாளத்தில் இருபது வருடத்துக்கு மேல் துப்பாக்கி பழுது பார்த்தவன் என்று தெரிந்துதான் எழுதுகிறீர்கள், சந்தோஷம். முதல் கடிதத்துக்கு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவை சீக்கிரம் முடிந்துவிடும்.

கேள்வி: அண்ணே, எனக்குச் சொந்த ஊர் தொண்டி. எட்டு வருடமாக ஹூஸ்டனில் வேலை. போன வருடம் கிரீன் கார்டு வந்தது, அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்க் குறி பார்த்துச் சுடப் பழகினேன். இப்போது சொந்தமாக ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள், ஏ.ஆர்.15 வகை, வைத்துக்கொள்ள ஆசை. கூட வேலை பார்க்கும் ஒருவர் "முழுசாக வாங்காதே, பாகம் பாகமாக வாங்கி நீயே பூட்டு, காசும் மிச்சம், துப்பாக்கியும் புரியும்" என்கிறார். வீட்டில் மனைவியும் நான்கு வயது மகனும் இருக்கிறார்கள். ஊரில் அத்தாவிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதல் ரைஃபிளை முழுசாகவே வாங்குங்கள். பூட்டுகிற ஆசையை இரண்டாவதுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைத்திறமை மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் உங்களுக்கு எப்படிப்பட்ட ரைஃபிள் வேண்டும் என்பது உங்கள் தோளுக்கும் கைக்கும் இன்னும் தெரியாது. பேரல் (குழல்) எவ்வளவு நீளம், ட்ரிகர் எவ்வளவு இலகுவாக இருக்க வேண்டும், எடை முன்னால் இருந்தால் கை நிற்குமா பின்னால் இருந்தால் நிற்குமா, இதெல்லாம் ஒரே ரைஃபிளில் ஆயிரம் ரவுண்டு சுட்ட பிறகு உடம்பே சொல்லும், அதற்கு முன் யார் சொன்னாலும் அது அவருடைய தோளின் கதை. நம் ராமநாதபுரம் கரையில் பாருங்கள், புதிதாகக் கடலுக்குப் போகிறவன் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கிற வள்ளம் ஒன்றை விலை பேசி வாங்கி, இரண்டு சீசன் ஓட்டி, அணியம் இன்னும் கொஞ்சம் உயர்ந்திருந்தால் தேவலை, எஞ்சின் இவ்வளவு குதிரைசக்தி போதும் என்று தெரிந்த பிறகுதான் தனக்கென்று ஒன்று கட்டக் கொடுப்பான். அந்தக் கணக்குத்தான் இங்கும்.

சரி, சட்டத்தைப் பார்த்துவிடுவோம். உங்களுக்குக் கிரீன் கார்டு வந்ததால்தான் நாம் இதைப் பேசவே முடிகிறது. ஹெச்1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்திய சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு. மீறினால் 15 ஆண்டு வரை சிறை. இதை உங்களுக்காக மட்டும் எழுதவில்லை, உங்களோடு வருகிற நம் பையன்கள் யாராவது விசாவில் இருந்தால் "ஒரு ரவுண்டு சுட்டுப் பாரு" என்று அன்பாக நீட்டிவிடாதீர்கள், கையில் வாங்குவதே அவர்களுக்கு வினையாகலாம். டெக்சாஸில் இந்த வகை ரைஃபிளுக்குத் தடை இல்லை. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, இல்லினாய்ஸ், வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் கடுமையான தடைகள் இருக்கின்றன, அதனால் இன்னும் ஒரு வருடத்தில் வேலை மாறி அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் இப்போது வாங்கவே வேண்டாம்.

பாகமாக வாங்கினால் படிவமும் சோதனையும் இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. அந்த நாட்டுச் சட்டப்படி ஏ.ஆர். வகையில் 'லோயர் ரிசீவர்' என்கிற அடிப்பாகம் ஒன்றுதான் துப்பாக்கி, பேரலும், தோட்டா அறையைப் பின்னால் அடைக்கிற போல்ட்டும், தோளில் அணைக்கிற கட்டையும் உதிரிச் சாமான். அந்த வெறும் லோயரை வாங்கப் போனாலும் லைசென்ஸ் உள்ள கடையில் 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்து, அப்புறம்தான் கையில் கொடுப்பார்கள். சீரியல் எண் இல்லாமல் அரைகுறையாகச் செய்து விற்கிற கிட்டுகள் பக்கம் போகவே போகாதீர்கள். அவற்றையும் துப்பாக்கிச் சட்டத்துக்குள் கொண்டுவந்த 2022ஆம் ஆண்டு விதி செல்லும் என்று 2025 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களைப் போலப் புதிதாகக் குடியேறியவருக்கு இதில் ஒரு சின்னத் தவறு நடந்தாலும் கிரீன் கார்டுக்கே ஆபத்து.

ஏ.ஆர். என்றால் அசால்ட் ரைஃபிள் என்று இங்கே டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள், அது ஆர்மலைட் என்ற நிறுவனத்தின் பெயர். அங்கே யூஜின் ஸ்டோனர் வடிவமைத்ததை 1959ல் கோல்ட் நிறுவனம் உரிமை வாங்கிச் செய்தது. இப்போது ஏராளமான நிறுவனங்கள் அதே அளவில் பாகங்கள் செய்கின்றன, அதனால்தான் ஒருவரின் பேரலை இன்னொருவரின் போல்ட்டோடு சேர்த்து வீட்டு மேஜையில் பூட்ட முடிகிறது. என் பயமும் அங்கேதான் இருக்கிறது.

ஏன் என்று சொல்கிறேன். நான் ரெக்ரூட்டாக இருந்த நாளில் எங்கள் கையில் கொடுத்தது இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்த 7.62 எஸ்.எல்.ஆர். அதுவும் செமி ஆட்டோமேட்டிக்தான், விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு, அடுத்தது தானாக ஏறிக்கொள்ளும், மேகசினில் இருபது. ஒருநாள் ரேஞ்ச் முடிந்து வந்து, நானும் பக்கத்துக் கட்டில்காரனும் ஒரே தரைவிரிப்பில் இரண்டு ரைஃபிளையும் கழற்றிப் போட்டு, புல்த்ரூ கயிற்றில் கந்தல் துணி கோத்து இழுத்துத் துடைத்து, பேச்சு சுவாரசியத்தில் தோட்டா அறையைப் பின்னால் அடைக்கிற பிரீச் பிளாக்கை மாற்றிப் பூட்டிவிட்டோம். இரண்டும் 'டக்'கென்று அழகாகப் பூட்டிக்கொண்டன. காக் பண்ணிப் பார்த்தோம், விசையை இழுத்துப் பார்த்தோம், ஒரு குறையும் தெரியவில்லை. கோத்தில், அதாவது ஆயுத அறையில், ஒப்படைக்கும்போது எங்கள் பயிற்சியாளர் உஸ்தாத் விளக்கு வெளிச்சத்தில் எண்களைப் படித்தார். பாடியில் ஒரு எண், பிளாக்கில் வேறு எண். மைதானத்தில் உருள வைத்துவிட்டு, மூச்சு வாங்க வந்து நின்ற எங்களை உட்கார வைத்து அரை மணி நேரம் பாடம் எடுத்தார். தோட்டா அறைக்குள் போய் உட்கார்ந்ததும் அதன் அடிப்பக்கத்துக்கும் பிளாக்கின் முகத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு மயிரிழை கூடினால், வெடிக்கும்போது பித்தளைக் கூடு கிழிந்து அந்த வாயு மொத்தமும் பின்னால் வரும், பின்னால் இருப்பது உன் முகம் என்றார். அந்த இடைவெளியைத் தீர்மானிக்கிற அளவுக்குப் பெயர் ஹெட்ஸ்பேஸ். பின்னால் ஆர்மரராகி எத்தனையோ வருடம் அதை கேஜ் போட்டு அளப்பதே என் வேலையாகிப் போனது. ஒவ்வொரு முறையும் அந்த விளக்கு வெளிச்சம் ஞாபகம் வரும்.

நீங்கள் சுடப்போகிற .223 தோட்டாவின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு வரை போகும். உங்கள் கார் டயரில் இருப்பது முப்பது, முப்பத்தைந்து. கன்னத்துக்கு நாலு விரல் தள்ளி நடக்கிற காரியம் இது. கம்பெனி முழுசாகப் பூட்டிக் கொடுக்கும் ரைஃபிளில் இந்தப் பொருத்தத்துக்கு அவர்கள் பொறுப்பு, நீங்கள் பூட்டினால் நீங்களே பொறுப்பு, பாகம் விற்றவர் ஒவ்வொருவரும் தன் பாகம் நன்றாக இருக்கிறது என்பார், அது உண்மையாகவும் இருக்கும்.

காசு மிச்சம் என்பதும் முதல் ரைஃபிளில் நடக்காது. பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கில் செய்கிறது, அவர்களின் சாதாரண ரைஃபிள் விலைக்கு நீங்கள் ஒற்றை ஒற்றையாகப் பாகம் வாங்கிச் சேர்க்கவே சிரமம். அதற்கு மேல் டார்க் ரென்ச், வைஸ் பிளாக், பஞ்ச் செட், கேஜ் என்று ஒருமுறை பயன்படுத்திவிட்டு அலமாரியில் போடுகிற சாமான்கள். விற்கும்போதும் கம்பெனிப் பெயர் உள்ளதற்குத்தான் விலை கிடைக்கும். உங்கள் நண்பர் சொன்னதில் இரண்டாவது பாதி சரிதான், பூட்டினால் துப்பாக்கி புரியும். ஆனால் வாங்கிய ரைஃபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினாலே முக்கால்வாசி புரிந்துவிடும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கற்றோம்.

ஒரு வருடம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது. பேரலும் போல்ட்டும் உள்ள மேல்பாதியைக் கம்பெனியே பூட்டி, சோதித்து விற்கிறது, அதை அப்படியே வாங்கி, ட்ரிகர், கட்டை உள்ள கீழ்ப்பாதியை மட்டும் உங்கள் விருப்பத்துக்குச் செய்துகொள்ளலாம். ஆபத்தான பொருத்தம் மேல்பாதியில்தான் இருக்கிறது. முதல் குண்டு சுடும் முன் ஹூஸ்டனில் உள்ள கன்ஸ்மித் (துப்பாக்கி பழுது பார்ப்பவர்) ஒருவரிடம் கொண்டுபோய் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். பேரல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அது வேறு வகை ஆயுதம், மத்திய அரசில் தனிப் பதிவு வேண்டும். உங்கள் தேவைக்காகப் பூட்டிக்கொள்வது ஒன்று, லைசென்ஸ் இல்லாமல் விற்பதற்கென்று பூட்டுவது குற்றம்.

கடைக்குப் போனால் பேரலில் எந்தத் தோட்டாவுக்கு என்று பொறித்திருக்கிறது என்று படியுங்கள். 5.56 என்று இருந்தால் .223 தோட்டாவையும் தாராளமாகச் சுடலாம், .223 மட்டும் என்றிருக்கும் பேரலில் 5.56 போடக் கூடாது. உள்பக்கம் குரோம் பூச்சோ நைட்ரைடு பதமோ உள்ளதாக எடுங்கள். ஹூஸ்டன் காற்றில் ஈரம் அதிகம், நீங்கள் கால்வெஸ்டன் கரைக்கும் போய் வருவீர்கள், உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று தொண்டிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, பழைய பாம்பன் பாலத்துக்கு எவ்வளவு பெயின்ட் அடித்தும் துரு விடவில்லை. சுட்ட அன்றே துடைத்து மெல்லிசாக எண்ணெய் பூசுங்கள். ஒதுக்கிய பணத்தில் கால்வாசியைத் தோட்டாவுக்கும் ஒரு நல்ல பயிற்சி வகுப்புக்கும் எடுத்து வைத்துவிட்டு மீதியில் ரைஃபிள் பாருங்கள். விலை உயர்ந்த ஸ்கோப் இப்போது வேண்டாம்.

இனி வீடு. நான்கு வயதுப் பையன் இருக்கிற வீட்டில் ரைஃபிளுக்கு முன்னால் இரும்புப் பெட்டி வர வேண்டும். சாவியோ எண்ணோ உங்களுக்கும் மனைவிக்கும் மட்டும் தெரியட்டும், தோட்டா வேறு பூட்டில் இருக்கட்டும். குண்டு நிரப்பிய துப்பாக்கியை அஜாக்கிரதையாக வைத்து, அது 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால் டெக்சாஸில் அது குற்றம். மனைவிக்கு மனசில்லை என்றால் வாங்கவே வாங்காதீர்கள், ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுங்கள், அதிலும் கை நன்றாகப் பழகும்.

இன்னொன்று, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ரேஞ்சுக்கு எடுத்துப் போகும் பையையும் ஊருக்கு வரும் பையையும் கலக்காதீர்கள். பக்கவாட்டு ஜிப்பில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக நம் விமான நிலையங்களில் ஆயுதச் சட்ட வழக்கில் மாட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். உம்மாவைப் பார்க்க வந்தவர் கோர்ட்டுக்கு அலையும் நிலை வேண்டாம். அத்தாவிடம் சொல்லிவிடுங்கள் தம்பி. வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் அவர் பயந்துவிடுவார், நீங்களே பெட்டி, பூட்டு எல்லாம் விளக்கிச் சொன்னால் பயம் பாதியாகும்.

கேள்வி: ஐயா, தேவிபட்டினத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு, என்.சி.சி.யில் .22 ரைஃபிள் சுட்டு நல்ல குரூப்பிங் (குண்டுகள் நெருக்கமாக விழுவது) என்று பெயர் வாங்கினாள். ஏர் ரைஃபிள் வேண்டும் என்கிறாள். தெரிந்த லேத் பட்டறைக்காரர் "பழைய சாமானை வைத்து நானே செய்து தருகிறேன், பாதி விலை" என்கிறார். லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: அம்மா, முதலில் பிள்ளைக்கு என் வாழ்த்து. லேத் பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்வதற்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழு ஆண்டு, ஆயுள் வரை சிறை உண்டு. அவர் காற்றுத் துப்பாக்கி என்று நினைத்துச் செய்வதை சோதனைக்கூடம் என்னவென்று எழுதும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நம் கரையில் இலங்கைப் போர் நடந்த பழைய நாட்களின் காரணமாகக் காவல்துறைக்குக் கண் கூடுதல், அதுவும் உங்களுக்குத் தெரியும். மேலே தொண்டித் தம்பிக்கு நான் எழுதிய பூட்டுகிற பேச்செல்லாம் அந்த ஊர்ச் சட்டத்துக்கு. இங்கே வாங்குவது ஒன்றுதான் வழி.

0.177, அதாவது 4.5 மில்லிமீட்டர் பேரலும் குண்டு வெளியேறும்போது 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. பெரியவர் பெயரில், அடையாளச் சான்று கொடுத்து, முறையான துப்பாக்கிக் கடையில் பில்லோடு வாங்க வேண்டும். ஆனால் உடனே வாங்காதீர்கள் என்பதுதான் என் பதில். மதுரையில் ரைஃபிள் கிளப் இருக்கிறது, விடுமுறையில் அங்கே கூட்டிப்போய்க் கிளப் துப்பாக்கியில் சில மாதம் சுடட்டும். பத்து மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர் புள்ளியைக் குறி பார்க்கிற விளையாட்டு இது, அறுபது குண்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் அசையாமல் நிற்க வேண்டும், துப்பாக்கியைவிட முதுகும் மூச்சும்தான் முதலில் பழக வேண்டியவை. கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் இந்தப் பத்து மீட்டரில்தான் உலகக் கோப்பைத் தங்கங்களும் இரண்டு ஒலிம்பிக் வாய்ப்பும் பெற்றார். உங்கள் பெண்ணுக்கு அவர் பெயரைச் சொல்லுங்கள்.

அப்புறம் வாங்கும்போது, விலை உயர்ந்த ஜெர்மன் ரைஃபிள் வேண்டாம், இந்தியாவில் செய்யும் ஓபன் சைட் (வெறும் வெட்டும் முனையும் வைத்துக் குறி பார்க்கும்) ஏர் ரைஃபிள் போதும், நம் நாட்டுப் போட்டிகளில் ஓபன் சைட்டுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. வீட்டுக் கொல்லையில் சுடுவதானால் குறிக்குப் பின்னால் துணியும் பழைய பேப்பரும் திணித்த இரும்புப் பெட்டி வையுங்கள், பனங்கட்டையிலோ கருங்கல்லிலோ அடித்தால் பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) தெறித்துத் திரும்பும். பெல்லட் ஈயம், சுட்டு முடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட விடாதீர்கள். கொக்கு, நாரை மேல் ஒருநாளும் நீட்டக் கூடாது என்று சத்தியமே வாங்கிக்கொள்ளுங்கள், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் என்று சுற்றிலும் சரணாலயம் உள்ள மாவட்டம் நம்முடையது. கடலோர வீடு என்பதால் உறையில் போட்டு மூடி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கித் துரு பிடிக்கும்.

கேள்வி: உச்சிப்புளி பக்கம் தோட்டம். காட்டுப்பன்றியும் மயிலும் பயிரை அழிக்கின்றன. ஒரு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்கு லைசென்ஸ் கிடைக்குமா அண்ணே?

பதில்: கிடைக்காது. ராணுவ, போலீஸ் ரக செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள் தடை செய்யப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. பயிர்க் காவலுக்கென்று ஆயுதச் சட்டம் சொல்வது குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கி, அதற்கும் கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பித்து, விசாரணை முடிய வேண்டும். லைசென்ஸ் கிடைத்தாலும் மயிலைச் சுட முடியாது, அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பறவை. பன்றியையும் வனத்துறை அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. சேதத்தைப் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ. சான்றோடு வனத்துறையில் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள், கம்பி வேலியைப் பாருங்கள், ஆனால் அதில் கரண்ட் விடாதீர்கள், மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

கேள்வி: தாத்தாவின் லைசென்ஸ் துப்பாக்கி பரணில் இருக்கிறது, அவர் இறந்து ஆறு மாதமாகிறது. கூடவே ஒரு டப்பா தோட்டாவும் இருக்கிறது. என்ன செய்வது? (திருப்புல்லாணி)

பதில்: இந்த வாரமே பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். லைசென்ஸ்காரர் இறந்த பிறகு அது வீட்டில் இருப்பதே சட்டப்படி சரியில்லை. வாரிசு பெயருக்கு மாற்ற விரும்பினால் ரசீதை வைத்துக்கொண்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம். முன்கூட்டிப் போன் செய்து சொல்லிவிட்டு, பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். தோட்டா டப்பாவில் பச்சை பூத்திருந்தால் குலுக்காதீர்கள், திறந்து துடைக்கவும் வேண்டாம், காவலர்களையே வந்து எடுக்கச் சொல்லுங்கள். 2018ல் தங்கச்சிமடத்தில் செப்டிக் டேங்குக்குக் குழி தோண்டியபோது பெட்டி பெட்டியாகப் பழைய தோட்டாக்கள் வந்தன அல்லவா, அன்று அந்த வீட்டார் உடனே தகவல் சொன்னதுதான் சரியான காரியம்.